பளிச்சு தேய்க்காமல் விட்ட உருண்டைகள்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வில் வேதியியலில் இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறை தேறினாள். ஒடிந்து சரியாகக் கூடாத வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு, தோள்வரை ரப்பர் கையுறை மாட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் பொடி நிறுக்கக் கற்றாள். "அந்த நெடியில் நின்றால் முடி கொட்டிவிடும்" என்று பயமுறுத்திய மாமியாரையே மதியச் சாப்பாடு கட்டித்தர வைத்தாள். ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் கண்ணாடிக் குப்பி கழுவும் தற்காலிக ஆளாகச் சேர்ந்தவள், மூன்றாம் மாடி அறைக்குச் சாவி வைத்திருக்கும் ஆளானாள். கடைசியாக, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருப்பு வில்லையை ஜெயித்தாள். அந்த வில்லையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பளிச்சு. எதை எடுத்தாலும் பளிச்சென்று தேய்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். குழாய், ஜன்னல் கம்பி, செருப்பு வார், எதுவும் தப்பாது. அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். எனக்கு மாப்பிள்ளை. கல்யாணமான புதிதில் அவருடைய சீருடைப் பொத்தான்களை அவள் தேய்த்த தேய்ப்பில், அதில் பொறித்திருந்த எழுத்தே அழிந்துபோய்விட்டது. "எந்தக் கம்பெனி டிரைவர்னு பயணிங்க கேக்கறாங்க" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

குப்பி கழுவப் போன இடத்திலும் அதே கதைதான். அவள் கழுவிய குப்பிகளில் மறுமுறை கழுவ வேண்டியது ஒன்றுகூட இல்லை என்று பேச்சு மேலே போயிருக்கிறது. ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். அவர்தான் இந்தக் கதையில் வரும் மேடம். ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவர். ஆனால் வயதில் என் தங்கையைவிடச் சின்னவர்.

"அக்கா, மாடிக்கு வரீங்களா? பொடி அரைக்கற வேலை. கை சுத்தமா இருக்கறவங்க வேணும்."

"எனக்குக் கெமிஸ்ட்ரி சரியா வராது மேடம்."

"எனக்குச் சமையல் வராது. அதுக்காகச் சாப்பிடாமலா இருக்கேன்? வாங்கக்கா."

அப்படித்தான் போனாள்.

அங்கே செய்வது என்ன என்று அவள் சொல்லி எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். சாதாரணக் கம்பியில் மின்சாரம் போகும்போது முட்டி மோதிச் சூடாகி, கொஞ்சம் வழியிலேயே வீணாகிறது. சில பொருள்களை மிகக் கடுமையாகக் குளிரவைத்தால் இந்த முட்டல் மோதல் சுத்தமாக நின்றுவிடும். மின்சாரம் துளியும் வீணாகாமல் ஓடும். அவற்றுக்கு மீக்கடத்தி என்று பெயர். காந்தத்துக்கும் மீக்கடத்திக்கும் ஆகவே ஆகாது. இரும்போ காந்தத்துக்குச் சொந்தக்காரன். ஆகையால் இரும்பை வைத்து மீக்கடத்தி செய்யலாம் என்று யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லையாம். செய்யலாம் என்று தெரிந்தபோது படித்தவர்களே ஆடிப்போய்விட்டார்களாம். "எலியும் பூனையும் ஒரே தட்டுல சாப்பிடற மாதிரிண்ணா!" என்று தங்கை என் தையல் கடை வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது கண்ணிலேயே நிற்கிறது. பேருந்து பிடித்து நேராகக் கடைக்கு வந்திருந்தாள். வீட்டுக்குப் போகும்வரை அவளுக்குப் பொறுக்கவில்லை.

இவர்கள் செய்யும் கலவையில் இரும்போடு செலினியம், டெலுரியம் என்று இரண்டு பொருள்கள் சேரும். காற்றுப் படாத கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்றையும் பொடியாக நிறுத்து, எஃகுக் குவளையில் போட்டு, கூடவே எஃகு உருண்டைகளையும் போட்டு மூடி இறுக்குவார்கள். அந்தக் குவளை ஒரு இயந்திரத்தில் ஏறும். மேடை ஒரு பக்கம் சுற்ற, மேலே இருக்கும் குவளை எதிர்ப்பக்கம் சுற்றும். அங்கே எல்லோரும் அதை ராட்டினம் என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே உருண்டைகள் மோதி மோதிப் பொடியை நசுக்கி, ஒன்றோடொன்று கலக்கடிக்கும். ஓடவிட்டு, சூடு ஆற நிறுத்தி, மறுபடி ஓடவிட வேண்டும். வெளியே வரும் பொடி பென்சில் கரிபோல இருக்கும். அதை அச்சில் அழுத்தி வில்லையாக்கி, கண்ணாடிபோன்ற குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சி, வாயை நெருப்பில் உருக்கி மூடி, உலையில் சுடுவார்கள். உருகவிடக்கூடாது. பொடிகள் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதில் டெலுரியத்துக்கு ஒரு குறும்பு உண்டு. தூசி அளவு உடம்புக்குள் போனாலும் மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். பல் தேய்த்தாலும் போகாது, வாய் கொப்பளித்தாலும் போகாது. சேர்ந்த புதிதில் ஒருமுறை குவளை மூடி இறுகிக்கொண்டது. பெட்டிக்குள் கையுறையோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, வெளியே எடுத்துத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான், வாரக்கணக்கில் வீடே பூண்டு.

"பஸ்ல அத்தனை பேரைப் பொறுத்துக்கறேன், வீட்ல ஒரு பூண்டு மூட்டையைப் பொறுத்துக்க மாட்டேனா?" என்றார் மாப்பிள்ளை.

"பொறுத்துக்கறவர் எதுக்கு ஜன்னலைத் திறக்கறீங்க?"

மாமியார் வேறு சேர்ந்துகொண்டார். "நான் சமையல்ல ஒரு பல்லு பூண்டுகூடப் போடல. பக்கத்து வீட்டுக்காரி மோப்பம் பிடிச்சுட்டு வந்து, என்ன விசேஷம்னு கேக்கறா!"

மேடம் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு, "இன்னொரு தடவை மூடியை வெளிய திறந்தீங்கன்னா உங்க கையைக் கட்டிப் போட்டுடுவேன் அக்கா. இது விளையாட்டு இல்ல" என்று கண்ணில் நீர் வரத் திட்டினாராம். அதற்குப் பிறகு அவள் அந்தத் தப்பைச் செய்ததே இல்லை.

இனி, சிக்கலுக்கு வருகிறேன். வில்லைகள் நன்றாகத்தான் வந்தன. வழவழப்பு, ஒரே அளவு, விரிசல் கிடையாது. ஆனால் குளிரில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தேறவில்லை. ஹீலியத்தால் குளிரவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் குளிர்க்காரர் என்பார்கள். வில்லையை உள்ளே இறக்கும்போதே உதட்டைப் பிதுக்கும் ஆள். "இதுவும் படுத்துக்கும் பாருங்க" என்பார். அப்படியே படுத்தும்விடும். குளிர் ஏற ஏற, மின்சாரத்துக்கு எவ்வளவு தடை என்று காட்டும் கோடு திரையில் கீழே சரிய வேண்டும். இவள் வில்லைகளுக்கோ கடைசியில் கோபித்துக்கொண்டதுபோல மேலே முகத்தைத் தூக்கிக்கொள்ளும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வில்லையும் தனி டப்பாவில் போகும். மூடியில் ஒரு சீட்டு. அதில் 'செய்தவர்' என்று ஓர் இடம். தான் செய்த வில்லை ஒன்று குளிரில் தேறிக் காட்டும்வரை அந்த இடத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. வெறும் கோடு இழுத்துவிடுவார்கள். மேடமே முதல் வருஷம் முழுக்கக் கோடு இழுத்தவர்தானாம். தங்கை அங்கே கோடு கோடாக இழுத்துக்கொண்டிருந்தாள். வருஷக் கடைசி நெருங்கும்போது அலுவலகத்திலிருந்து சேதி வந்தது. வருஷம் முடிவதற்குள் இந்தக் கலவையில் ஒரு வில்லையாவது தேறாவிட்டால் ராட்டினம் வேறு குழுவுக்குப் போகும். மேடம் வேறு வேலைக்கு மாறுவார். என் தங்கை மறுபடி அடித்தளத்துக்கு, குப்பி கழுவ.

"கழுவறது கேவலம் இல்லண்ணா," என்றாள் என்னிடம். "ஆனா நான் இப்ப அதைச் செய்யத் தெரிஞ்சவ. தெரிஞ்சதை விட்டுட்டு எப்படி இறங்கிப் போவேன்?"



ஒருநாள் மேடம், தேறாத வில்லை ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். வில்லை ஆடியது. டக்கென்று போய் ஒட்டிக்கொண்டது.

"இவ்ளோ பாசமா வந்து ஒட்டக் கூடாதே அக்கா. இரும்பு மிச்சம் இருக்கு. எங்கேர்ந்து வருது?"

"நான் ரெண்டு தடவை நிறுத்துப் பார்த்துட்டுத்தான் போட்டேன் மேடம்."

"நானும்தான் பக்கத்துல நின்னு பார்த்தேன். உங்களைச் சொல்லல."

இரும்பு கொஞ்சம் கூடினாலும் அது பொருளின் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து காரியத்தைக் கெடுத்துவிடுமாம். போட்ட இரும்பு சரி. அப்படியானால் போடாத இரும்பு எது? இருவரும் ஒரே நேரத்தில் குவளையைப் பார்த்தார்கள். உருண்டைகளைத் தராசில் வைத்தார்கள். வாங்கியபோது பொட்டலத்தில் போட்டிருந்த எடை இப்போது இல்லை.

"டயட்ல இருக்கு போல" என்றார் எட்டிப்பார்த்த குளிர்க்காரர்.

உருண்டை தேய்ந்து பொடியில் கலக்கிறது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அதே மாடியின் கோடியில் இருக்கும் அறைக் குழுவினரும் இதே மாதிரிக் குவளை, இதே மாதிரி உருண்டைகளோடுதான் வேறொரு கலவையை அரைக்கிறார்கள். அவர்களுடைய உருண்டைகள் மட்டும் ஏன் இளைக்கவில்லை? பார்த்துவிடலாம் என்று தங்கை போய் அவர்களுடைய காலிக் குவளையை இரவல் வாங்கி வந்தாள். திறந்ததும் முகம் கோணிக்கொண்டது.

"ஐயே! இதைக் கழுவவே மாட்டாங்களா? உள்ள அடுப்புக்கரி மாதிரி அப்பிக் கிடக்கு. உருண்டையும் ஒரே கருப்பு."

"தட்டி எடுத்துட்டு அப்படியே விட்டுடுவாங்க. தினமும் ஒரே கலவைதானே, அதனால..." மேடம் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

தங்கை அந்தக் கருப்பு உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இந்தக் கரி உருண்டைக்குச் சட்டை மாதிரி இல்ல?"

"அக்கா..."

"நம்ம உருண்டைக்குச் சட்டையே கிடையாது. ஒவ்வொரு தடவையும் நான் கழட்டிடறேன். மணலைப் போட்டுத் தேய்ச்சு, துணியால மெருகேத்தி... வெத்து எஃகும் வெத்து எஃகும் மோதினா தேயாம என்ன பண்ணும்?" அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். "பளிச்சுன்னு தேய்ச்சது நான்தான் மேடம்."

"தேய்க்கச் சொன்னது நான்தான். சுத்தம்தான் இங்க எல்லாம்னு முதல் நாளே சொன்னேனே."

"அப்ப ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"பாதிப் பாதி" என்று மேடம் கை நீட்ட, இருவரும் குலுக்கிக்கொண்டார்களாம். அன்று சாயங்காலம் தங்கை ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தாள். ஒரு வாடிக்கையாளருக்கு நான் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரையும் சேர்த்து நிறுத்தி வைத்து முழுக்கதையும் சொல்லி முடித்தாள். "அப்போ அழுக்கா இருந்தா நல்லதா?" என்று அவர் கேட்டார். "எல்லா அழுக்கும் இல்ல சார், சொந்த அழுக்கு!" என்றாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, சட்டைக் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

புரிந்துவிட்டது, சரி. செய்ய வேண்டுமே. சட்டை போட வேண்டுமென்றால் ஒரு தவணைப் பொடியை, வில்லை செய்வதற்கு அல்லாமல், குவளைக்கும் உருண்டைக்கும் பூச்சு ஏறுவதற்காகவே அரைத்து எறிய வேண்டும். டெலுரியம் புட்டியில் மிஞ்சியிருந்தது இரண்டு தவணைக்கு மட்டும். புதுப்புட்டி வருஷம் திரும்பித்தான் வரும். ஒரு தவணையைப் பூச்சுக்குக் கொடுத்தால் வில்லைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. கொடுக்காவிட்டால் இரண்டு வாய்ப்பு, இரண்டும் பழையபடி இளைக்கும் உருண்டையோடு.

"என்ன அக்கா சொல்றீங்க?" என்றார் மேடம்.

"ஒண்ணே ஒண்ணு போதும். நல்லதா ஒண்ணு."

முதல் தவணை அரைபட்டு, பொடியைக் கொட்டினார்கள். குவளை உள்ளே கருப்பு. உருண்டைகள் கருப்பு. என் தங்கையின் வாழ்நாளிலேயே அழுக்காக விட்டுவிட்டு வந்த முதல் பாத்திரம் அதுதான். கை பரபரவென்று இருந்ததாம். அந்த அரிப்பெல்லாம் வீட்டின்மேல் இறங்கியது. அடுப்பைத் தேய்த்தாள், கதவுத் தாழ்ப்பாளைத் தேய்த்தாள், என் கடைக்கு வந்து தையல் இயந்திரத்தின் சக்கரத்தைத் தேய்த்தாள். மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "மச்சான், ஒரு ராத்திரி உங்க வீட்ல படுத்துக்கட்டுமா? அடுத்து என் தலையைத்தான் பார்க்கறா. ஏற்கெனவே அங்க பளபளன்னுதான் இருக்கு."

இரண்டாம் தவணையும் அரைபட்டது. உருண்டைகளைத் தூசி தட்டி நிறுத்தார்கள். இந்த முறை இளைக்கவில்லை. தங்கை அன்று பேருந்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாளாம். உட்காரத் தோன்றவில்லையாம். வில்லை அழுத்தினார்கள், குழாயில் மூடினார்கள், சுட்டார்கள், உலையிலேயே மெல்ல ஆறவிட்டார்கள். எடுத்து நூலில் கட்டிக் காந்தத்தைக் காட்டினால், வில்லை ஏதோ முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலச் சும்மா தொங்கியது. லேசாக ஒரு அசைவு, அவ்வளவுதான். மேடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆனால் குளிர்தான் கடைசிப் பரீட்சை. அந்த இயந்திரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல்.

அந்தப் பகலில் நான் அங்கே இருந்தது ஒரு மறதியால். தங்கை கிட்டத்தில் பார்க்கப் போடும் மூக்குக்கண்ணாடியை என் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மின்சாரம் பாய்ச்சி அளப்பதற்காக, வில்லையின் முகத்தில் முடிபோன்ற நான்கு பொன்கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்ட வேண்டும். கண்ணாடி இல்லாமல் அது ஆகாது. "அண்ணா, ஓடி வாங்க!" என்று போன். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். மூன்றாம் மாடியில் மேடம்தான் கதவைத் திறந்தார்.

"நீங்கதான் அண்ணனா? உள்ள வாங்கண்ணா. மூச்சு மட்டும் மெதுவா விடுங்க, கம்பி பறந்துடும்."

ஓர் ஓரமாக நின்றேன். பெரிய அறை இல்லை. ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டியில் கருப்புக் கையுறைகள் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தன. தங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உருப்பெருக்கியின்மேல் குனிந்து, ஒரு கம்பி, அடுத்த கம்பி என்று ஒட்டினாள். ஊசியில் நூல் கோக்கும் வேலையிலேயே இருக்கிறவன் நான். அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. நான்காவது கம்பி ஒட்டியதும் மேடம் "ம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த அறையில் குளிர்க்காரர் வில்லையை வாங்கி உள்ளே இறக்கினார். வழக்கமான வசனத்தைச் சொல்ல வாயெடுத்தவர், தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ முணுமுணுத்தார். இயந்திரம் 'டுக் டுக்' என்று மூச்சுவிட ஆரம்பித்தது. திரையில் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. புள்ளிகள் கோடாயின.

குளிருக்கு ஓர் அடிமட்டம் உண்டாம். அதற்குக் கீழே எதுவுமே குளிர முடியாது. அந்த அடிமட்டத்திலிருந்து பதினான்கு பாகை மேலே கோடு விழுந்தால் இவர்கள் பாஸ். அங்கே போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை பஸ்ஸை நிலையத்தில் நிறுத்திய ஒவ்வொரு முறையும் எனக்குப் போன் செய்தார். "விழுந்துச்சா?" "இன்னும் இல்ல மாப்பிள்ளை." "விழும் மச்சான், விழும்" என்று வைத்துவிடுவார்.

முப்பது. இருபத்தைந்து. கோடு சரியவுமில்லை, ஏறவுமில்லை. இருபது. பழைய வில்லைகள் முகத்தைத் தூக்கிய இடம் இதுதான் என்று குளிர்க்காரர் மெல்லச் சொன்னார். கோடு தூக்கவில்லை. தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு. பதினாறு.

"படுத்துக்கும்" என்றார் குளிர்க்காரர். "இந்தத் தடவை கோடு படுத்துக்கும்மா."

பதினைந்தைத் தொட்டதும் அடுத்த புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கீழே. பிறகு மாடியிலிருந்து பந்தைப் போட்டதுபோலப் புள்ளிகள் பொலபொலவென்று இறங்கி, திரையின் அடிக்கோட்டில் போய்ப் படுத்துக்கொண்டன. எழுந்திருக்கவே இல்லை. பன்னிரண்டு, பதினொன்று, பத்து, எல்லாம் அடிக்கோட்டிலேயே.

"பூஜ்யம்!" என்று மேடம் கத்தினார். "அக்கா, பூஜ்யம்!"

வாழ்க்கையில் பூஜ்யம் வாங்கியதற்கு அப்படிக் குதித்தவர்களை நான் கண்டதில்லை. குளிர்க்காரர் குல்லாயைக் கழற்றிக் காற்றில் எறிந்தார். தங்கை சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "அண்ணா, அவருக்குப் போன் போடுங்க, போன் போடுங்க" என்று என் கையிலிருந்த போனையே தேடினாள். மாப்பிள்ளை எடுத்ததும் நான் "விழுந்துடுச்சு" என்றேன். அவர் பஸ் ஹாரனை அழுத்தியது இங்கே எல்லோருக்கும் கேட்டது.

வில்லையைத் திரும்ப எடுத்து, கம்பிகளை நீக்கி, டப்பாவில் வைத்தார்கள். மேடம் சீட்டு ஒன்றை ஒட்டி, பேனாவைத் திறந்து தங்கையிடம் நீட்டினார்.

"கோடு இழுக்காதீங்க அக்கா."

"இனிஷியல் மட்டும் போடட்டுமா மேடம்? இடம் சின்னதா இருக்கே."

"முழுப் பேரும் போடுங்க. இடம் பத்தலைன்னா மூடி முழுக்கப் போடுங்க."

குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, 'செய்தவர்' என்ற இடத்தில் அவள் முதன்முதலாகத் தன் பெயரை எழுதினாள். 2018ஆம் ஆண்டு, நவம்பர் மாதம் 20ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை.